தூங்கா நகரத்துத் தூங்குமூஞ்சி

எங்கள் வீட்டில் விடியுமுன் எழும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அதைப் பற்றிப் பேசும் பழக்கம் எனக்கு மட்டும்தான்.

பேச்சு என்றால் லேசுப்பட்ட பேச்சில்லை. விடிகாலைக் காற்று நுரையீரலுக்கு என்ன செய்யும், மூளைக்கு என்ன செய்யும், சாதித்தவர்கள் எல்லாம் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று காலை எட்டே காலுக்குப் பல் துலக்கிக்கொண்டே அரை மணி நேரம் பேசக்கூடியவன் நான். கேட்க வேண்டியவர்கள் அதற்குள் குளித்து, சமைத்து, சாப்பிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்கள். "கொப்பளிச்சுட்டுப் பேசுங்க, ஒண்ணும் புரியல" என்பாள் என் மனைவி. கொப்பளித்துவிட்டு வருவதற்குள் தெருமுனை தாண்டியிருப்பாள்.

பழியை ஊர்மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கலாம்தான். மதுரைக்காரன் நான். தூங்கா நகரம் என்று பேர் வாங்கிய ஊர். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பரோட்டாக்கல் சூடு தணியாது. ஒரு மணிக்கும் எங்காவது ஒரு டீக்கடையில் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும். தூங்காமல் இருப்பதில் எனக்கு இன்றுவரை ஒரு சிரமமும் இருந்ததில்லை. ஊர்ப் பெருமையில் என் பங்கை நடுநிசி தாண்டியும் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். விடிந்த பிறகுதான் கொஞ்சம் தடுமாற்றம்.

இந்தத் தடுமாற்றம் நேற்று வந்ததல்ல. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கியபோது, "விடியக்காலம் படிச்சாத்தான் மண்டையில நிக்கும்" என்று வீட்டில் முடிவானது. சாவி கொடுக்கிற டைம்பீஸ் ஒன்றை அப்பா எவர்சில்வர் தாம்பாளத்தின் நடுவில் வைப்பார். நாலரைக்கு அலாரம் அடித்தால் தாம்பாளமும் சேர்ந்து அதிரும். அந்தச் சத்தத்தில் அடுத்த வீட்டுப் பையன் தினமும் எழுந்து படித்து, இன்றைக்கு வங்கியில் பெரிய பதவியில் இருக்கிறான். அதே தாம்பாளத்துக்கு ஓர் அடி தள்ளிப் படுத்திருந்த எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா நாலு மணிக்கே எழுந்து அடுப்பைப் பற்றவைத்து வரக்காப்பி போட்டு, என்னை உலுக்கி உட்காரவைத்து, மடியில் வரலாற்றுப் புத்தகத்தை விரித்துவிட்டுப் போவார். நான் சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையைக் கற்றுக்கொண்டேன். "என்னடா, சத்தத்தையே காணோம்?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். உடனே "1526 முதலாம் பானிப்பட்டுப் போர், 1526 முதலாம் பானிப்பட்டுப் போர்" என்று ஆரம்பிப்பேன். இன்றைக்கும் நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் 1526 என்று சொல்லிவிடுவேன். யாருக்கும் யாருக்கும் போர் என்று கேட்டால் முழித்துக்கொண்டிருந்தாலும் தெரியாது. அந்தப் பக்கம் வருவதற்குள் தூங்கிவிடுவேன்.

நாற்பதைத் தாண்டியபோது மருத்துவர் ஒருவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "சுகர் பார்டர்ல இருக்கு. காலைல நடங்க" என்றார். காலையில் என்றால் எத்தனை மணிக்கு என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் ஐந்து என்று வைத்துக்கொண்டேன். எதையும் பெரிதாகத் தொடங்கினால்தான் கைவிடும்போது ஒரு கௌரவம் இருக்கும்.

நடப்பதற்குச் செருப்பு வாங்குவதற்கு முன்னால் புத்தகம் வாங்கினேன். ராபின் ஷர்மா 2018இல் எழுதிய 'தி 5 ஏ.எம். கிளப்'. ஐந்திலிருந்து ஆறு மணி வரையுள்ள நேரத்தை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறது. முதல் இருபது நிமிடம் உடம்பு வேர்க்க அசைய வேண்டும். அடுத்த இருபது நிமிடம் அமைதியாகச் சிந்திக்க வேண்டும். கடைசி இருபதில் எதையாவது கற்க வேண்டும். படிக்கப் படிக்க ரத்தம் சூடேறியது. கீழே வைக்க மனமில்லாமல் ராத்திரி ஒன்றரை வரை படித்தேன். மறுநாளும் அப்படியே. புத்தகம் முடியும்வரை ஒருநாள்கூட ஏழரைக்கு முன்னால் எழ முடியவில்லை.

பிறகு, பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்ற ஆராய்ச்சியில் இறங்கினேன். 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அதன் வேர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவரிடம் இருக்கிறது. மூக்கையோ முகத்தையோ திருத்திக்கொண்டவர்களுக்குப் புதுமுகம் பழகக் குறைந்தது 21 நாள் பிடிக்கிறது என்று 1960இல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கோ விழுந்துவிட்டது, 21 மட்டும் வந்து சேர்ந்தது. பிற்பாடு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம், 18 நாளிலிருந்து 254 நாள் வரைக்கும் கணக்கு விரிந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதகமில்லை என்பதும் அந்த ஆய்வில் உண்டு. மொத்த ஆராய்ச்சியிலும் என் மனத்தில் பசையாக ஒட்டியது இந்தக் கடைசி வரிதான். விட்டுப்போகும் அந்த ஒருநாளை முதல் நாளாகவே வைத்துக்கொண்டேன்.

அறிவியல் கைவிட்டதும் சாஸ்திரத்திடம் போனேன். பிரம்ம முகூர்த்தம் என்றால் எல்லோரும் நாலரை மணி என்கிறார்கள். கணக்கு அப்படியில்லை. ஒரு முகூர்த்தம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். சூரியன் உதிப்பதற்கு இரண்டு முகூர்த்தம் முன்னால் தொடங்கி ஒரு முகூர்த்தம் முன்னால் முடிவது பிரம்ம முகூர்த்தம். மதுரையில் ஜனவரி கடைசியில் உதயம் 6.40 வாக்கில். மே மாதக் கடைசியிலோ ஆறுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே சூரியன் வந்துவிடும். ஆக, தை மாதத்தில் பிரம்ம முகூர்த்தம் ஐந்து மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. 5.50க்கு எழுந்தால்கூட வால் பிடித்துவிடலாம். ஏறக்குறைய முக்கால் மணி நேரச் சலுகை. ராத்திரி பதினொன்றரைக்கு இதைக் கண்டுபிடித்து, தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிச் சொன்னேன். "சரி, தைக்கு எழுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டாள்.

தை வந்தது. பொங்கலுக்குப் பிறகு என்று வைத்தேன். பிறகு, தைப்பூசத்துக்குப் பிறகு என்றேன். நான் தயாராவதற்குள் சூரியன் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முந்திக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. சித்திரையில் என்னால் பிடிக்கவே முடியவில்லை.

அலாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடிக்கிற அலாரத்தைத் தள்ளிப்போடும் 'ஸ்னூஸ்' பொத்தானை வைத்து 1956இல் ஜெனரல் எலெக்ட்ரிக் - டெலிக்ரான் கடிகாரம் ஒன்று சந்தைக்கு வந்தது. இன்றைக்கும் பல கைபேசிகளில் தள்ளிப்போகும் நேரம் ஒன்பது நிமிடம். பத்தாக வைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் ஒரு நன்மையும் விளைந்தது. ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பள்ளிக்கூடத்தில் பாதியிலேயே விட்டவன் நான். ஐந்து ஒன்பது, ஐந்து பதினெட்டு, ஐந்து இருபத்தேழு, ஐந்து முப்பத்தாறு என்று படுக்கையில்தான் அதை முழுதாக மனப்பாடம் செய்தேன்.

ஐந்து மணிக்கு அலாரம் அடித்ததும், நான் எழுகிறேனோ இல்லையோ, எனக்குள் ஒரு வக்கீல் எழுந்துவிடுவார். நேற்று படுக்கும்போது மணி ஒன்று, ஏழு மணி நேரம் தூங்காவிட்டால் இதயத்துக்கு ஆகாது என்பார். வெளியே பனி, சளி பிடித்தால் ஒரு வாரம் போச்சு என்பார். கடைசியாக, இன்று செவ்வாய், புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று ஒரு போடு போடுவார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒருநாளும் ஆஜரானதில்லை. அவர் ஏழரைக்குத்தான் வருவார், வந்து நாள் முழுக்க என்னைத் திட்டுவார்.

தெய்வ பலத்தையும் சேர்த்துப் பார்த்தேன். எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத்தையே அலாரமாக வைத்தேன். 1963இல் வெளிவந்த அந்த இசைத்தட்டு எத்தனையோ வீடுகளின் காலையைத் தொடங்கிவைத்திருக்கிறது. என்னிடம் அது எதிராகத் திரும்பியது. சில வாரங்களில், கோயிலில் சுப்ரபாதம் கேட்டாலே எனக்குக் கண் செருக ஆரம்பித்தது. ஒருமுறை பெருமாள் சந்நிதியில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் அது தொடங்கியதும் என் வலது கை தானாக இறங்கி இடுப்புப் பக்கம் கைபேசியைத் தேடியது.

கணக்குப் போட்டால்தான் நிற்கும் அலாரச் செயலி ஒன்றும் இறக்கிவைத்தேன். விடையைச் சரியாக அடிக்கும்வரை கத்திக்கொண்டே இருக்கும். பக்கத்து அறையில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் படுத்திருந்தாள். "பாப்பா, பதினேழ எட்டால பெருக்குனா எவ்வளவு?" என்பேன். "நூத்தி முப்பத்தாறுப்பா" என்று கண்ணைத் திறக்காமலே பதில் வரும். அந்த வருஷம் அவள் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். என் முயற்சியில் உருப்படியாக விளைந்தது அது ஒன்றுதான் என்று நான் சொல்வதுண்டு. அரைத்தூக்கத்தில் எழுந்து பள்ளிக்குப் போய்க் கொட்டாவி விட்டது யார் என்று அவள் கேட்பதும் உண்டு.

மார்கழியில் எதிர்பாராத இடத்திலிருந்து ஆறுதல் கிடைத்தது. திருப்பாவையின் முப்பது பாட்டில், ஆறாம் பாட்டு தொடங்கிப் பதினைந்தாம் பாட்டு வரை, பத்துப் பாட்டை ஆண்டாள் தூங்கும் தோழிகளை எழுப்பவே செலவழிக்கிறாள். மூன்றில் ஒரு பங்கு. ஒருத்தி மற்றவர்களை எழுப்புவதாகச் சொல்லி ஏமாற்றியிருக்கிறாள், ஒருத்தி பதிலே பேசுவதில்லை, ஒருத்தி உள்ளேயிருந்து வாயாடுகிறாள். நேரத்துக்கு எழுந்து குளிரில் வாசலில் நிற்கும் கூட்டத்தை யாரும் தனித்தனியாகப் பாடவில்லை. இலக்கியத்தில் இடம் பிடித்தவர்கள் எல்லாம் எழாதவர்கள்தான். இதை என் மனைவியிடம் எடுத்துச் சொன்னபோது அவள் வாசலில் புள்ளி வைத்துக் கோலத்தை முடித்துவிட்டு உள்ளே வந்திருந்தாள். "அவங்கள எழுப்பப் பத்துப் பாட்டு போதுமா இருந்துச்சு" என்றாள்.

எழுந்த நாட்களும் உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன். எழுந்ததும் நான் செய்த முதல் காரியம், எழுந்துவிட்டதை ஊருக்கு அறிவித்தது. தாமரைக்குப் பின்னால் சூரியன் எழும் படத்தோடு ஒரு 'காலை வணக்கம்' தேடி எடுத்து, ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்குச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உடனே சித்தப்பாவிடமிருந்து பதில் வந்தது: "என்னப்பா, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" அத்தை நேரடியாகப் போனே செய்துவிட்டார். இந்த நேரத்தில் என்னிடமிருந்து செய்தி வந்தால் அது துஷ்டி வீட்டுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று மொத்தச் சொந்தமும் தீர்மானமாக இருந்தது. எல்லோரையும் சமாதானப்படுத்தி முடிக்கும்போது ஐந்தே முக்கால். மூன்று இருபதும் அதிலேயே கரைந்துபோயிற்று.

நடப்பதற்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் போனேன். திருமலை நாயக்கர் வெட்டிய குளம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். நான்கு சுற்று என்று கிளம்பி, ஒன்றில் நிறைவு கண்டேன். குளத்தைச் சுற்றி முடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பருத்திப்பால் ஆவி பறக்க விற்றுக்கொண்டிருந்தால் மனிதன் என்ன செய்வான்? கருப்பட்டியும் சுக்கும் மணக்க ஒரு டம்ளர். வெறும் வயிற்றில் இனிப்பு கூடாது என்று பக்கத்துக் கடையில் இரண்டு உளுந்தவடை. சுகர் பார்டரில் இருந்ததைச் சொன்னேன் இல்லையா, அது பார்டரைத் தாண்டியது நான் நடக்கத் தொடங்கிய பிறகுதான்.

அந்த வடைக்கடையில் ஒருநாள் பூ மூட்டையை எக்ஸெல் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு ஒருவர் டீ குடிக்க நிறுத்தினார். மல்லியைப் பறித்துக்கொண்டு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போகிற வழி. நெற்றியில் பட்டை போட்டுக் கட்டிய டார்ச்சை இன்னும் கழற்றியிருக்கவில்லை. நம் சங்கத்து ஆள் என்ற பாசத்தில் பேச்சுக் கொடுத்தேன்.

"எத்தன மணிக்கு எந்திரிப்பீங்கண்ணே?"

"ரெண்டு."

"தினமுமா! கஷ்டமா இல்லையா? எப்படிப் பழகுனீங்க?"

அவர் டீ கிளாஸை இறக்கி என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "பூ மலந்துரும்ல சார்" என்றார்.

மல்லியை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏறிப் பறித்தால் விலை போகாது. இருபது நிமிடச் சிந்தனைக்கு அவருக்கு நேரமில்லை. டீயைக் குடித்துவிட்டு, டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் இன்னொரு வடை சொன்னேன்.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு அலுவலகத்தில் ஒரு கூட்டம். ஐந்து மணிக்கு எழுந்தவனுக்குப் பதினொன்று என்பது நடுராத்திரி. தலை லேசாக ஆடியது. மேலும் கீழுமாக ஆடியது. அதை என் சம்மதமாக எடுத்துக்கொண்டு, வருஷக் கடைசிக் கையிருப்புக் கணக்கெடுப்பு முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். விழித்தபோது கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன்.

இதற்குமேல் ஒரே வழி, என்மேல் பிழையில்லை என்று நிரூபிப்பது. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதை ஓட்டும் மரபணு வேலையைப் பழ ஈக்களிடம் ஆராய்ந்து கண்டதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மனிதருக்கு அந்தக் கடிகாரம் 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். சராசரி 24 மணி 11 நிமிடம் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1999இல் அளந்து சொன்னார்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அது தினமும் நேராகும். ராத்திரி கண்ணுக்கு நேராக வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் பின்னுக்குப் போகும். பிறவியிலேயே சிலருக்குக் கடிகாரம் முந்தி ஓடும், சிலருக்குப் பிந்தி ஓடும். பிந்தியவர்களை ஆந்தை வகை என்கிறார்கள். இவ்வளவையும் தொகுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் முன்வைத்தேன்.

"ஆக, நான் ஆந்தை வகை. என்ன செஞ்சாலும் மாறாது" என்று முடித்தேன்.

"ஆந்தை ராத்திரி முழுக்க வேலை பாக்குதுங்க" என்றாள் மனைவி. "எலி புடிக்குது. நீங்க போன்தான பாக்குறீங்க?"

பதில் இல்லை. ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும், ஐந்துக்கு எழ வேண்டும் என்றால் பத்து மணிக்குக் கண் மூடியிருக்க வேண்டும். இந்தக் கழித்தலை என் மகள் இரண்டாம் வகுப்பில் போட்டுவிட்டாள். அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது ஆறரைக்கு ஒரு ஃபில்டர் காப்பி. உள்ளே போன கஃபீனில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆக, பதினொன்றரைக்கும் அரை டம்ளர் காப்பி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பத்து மணிக்கு வீடு அடங்கும். அலுவலகத்திலிருந்து அழைப்பு வராது, மகள் தூங்கியிருப்பாள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நாளிலேயே எனக்கென்று மிஞ்சும் நேரம் அதுதான் என்று ஒரு நினைப்பு. தடுக்க யாருமில்லாமலே படுக்கப்போவதைத் தள்ளிப்போடும் இந்தக் குணத்தை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த அருமையான நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு நாட்டில், காட்டுக்குள், சட்டை போடாத ஒருவர் வெறும் குச்சியால் நீச்சல் குளம் வெட்டுவதைப் பார்த்தேன். வெட்டி முடிக்கும்வரை பார்த்தேன். அவர் பொழுது விடிந்தவுடனே வேலையைத் தொடங்கிவிடுகிறார் என்பது வெளிச்சத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அப்போதுதான் மைத்துனிக்குப் பிரசவ நேரம் வந்தது. உதவிக்கு என் மனைவி தேனிக்குப் போனாள். போகும்போது பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு விட்டு ஒருநாள் தண்ணி. அஞ்சுக்கு முன்னாடியே வந்துரும், முக்கால் மணி நேரந்தான். விட்டீங்கன்னா ரெண்டு நாளைக்கு இல்ல. பாப்பாவுக்கு ஏழு பத்துக்கு வேன்." ஐந்துக்கு முன்னாடி என்று அவள் சொன்னதில் எந்த அழுத்தமும் இல்லை. மிளகாய்த்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்கிற குரல்தான்.

முதல் தண்ணி நாளன்று அலாரத்துக்கு முன்பே விழித்துவிட்டேன். வக்கீல் வரவில்லை.

எங்கள் வீட்டு வாசலில், தரைக்குக் கீழே ஒரு சின்னக் குழியில் குழாய் இருக்கிறது. குனிந்து, ஒரு கையால் ஓஸ் பைப்பைக் குழாயில் சொருகி, மறுகையால் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் பைப் பிடுங்கிக்கொண்டு முகத்தில் அடிக்கும், அடித்தது. முதலில் காற்றுதான் வரும், இருமுவதுபோல. பிறகு கொஞ்சம் செம்மண் நிறத்தில் வரும், அதைச் செடிக்கு விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம்தான் நல்ல தண்ணி. இதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. செம்மண் தண்ணீரைப் பயபக்தியோடு குடத்தில் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, எதிர்வீட்டு அம்மா, "அதக் கீழ ஊத்துங்க சார். என்ன, அக்கா ஊருக்குப் போயிருக்காகளா?" என்றார். தெருவே முழித்திருந்தது. குடங்கள் வரிசையாக நிறைந்தன. யாருக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், யார் வீட்டில் மோட்டார் ரிப்பேர் என்று எல்லாச் செய்தியும் அங்கே ஓடியது. பத்து வருஷத்துக்கு மேலாக அந்தத் தெருவில் குடியிருக்கும் எனக்கு அதில் ஒன்றும் தெரியாது.

ஐந்திலிருந்து ஆறு வரை மூன்று இருபதும் கச்சிதமாக நடந்தன. முதல் இருபதில் குடம் தூக்கியதில் உடம்பு வேர்த்தது. இரண்டாம் இருபதில், தேங்காய்ச் சட்னியில் உப்புப் போட்டேனா இல்லையா என்று ஆழ்ந்து சிந்தித்தேன். மூன்றாம் இருபதில் புதிதாகக் கற்றது, பால் பொங்குவதற்குப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரே ஒருமுறை திரும்பினால் போதும் என்பது. இரட்டைச் சடை போட்டுவிட்டேன். மகள் கண்ணாடியைப் பார்த்து, "அப்பா, ஒண்ணு காதுக்கு மேல இருக்கு, ஒண்ணு கீழ இருக்கு" என்றாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் சரியாகத் தெரியும் என்றேன்.

அந்த வாரங்கள் முழுவதும் தண்ணீரை ஒருநாளும் தவறவிடவில்லை. ராத்திரி பத்து மணிக்குத் தானாகக் கண் சொருகியது. நீச்சல் குளக்காரர் இன்னொரு காட்டில் மாளிகை கட்ட ஆரம்பித்து அப்படியே நின்றார். என்னைத் திருத்தவே முடியாது என்று நான் பழ ஈ வரை போய் நிரூபித்ததெல்லாம், அடிப்பக்கம் வண்டல் தட்டிய ஒரு காலிக் குடத்தைப் பார்த்ததும் பொய்யாகிவிட்டது.

இந்த இடத்தில் நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். மனைவி ஊரிலிருந்து வந்த ராத்திரி, மாளிகை எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். மறுநாள் விடியற்காலை வாசலில் குழாய் இருமுவது காதில் விழுந்தது. எனக்கு முழு விழிப்பு வந்துவிட்டது, அதையும் மறைக்கவில்லை. பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது, அவள் எழுந்துகொண்டாள் என்று தெரிந்தது. போர்வையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

என் வியாதி எது என்று அன்றைக்குத்தான் எனக்கே வெளிச்சமானது. நான் எழாவிட்டாலும் விடிந்துவிடும் என்கிற ஏற்பாடு சின்ன வயதிலிருந்து என்னைச் சுற்றிப் பலமாக இருந்துவந்திருக்கிறது. முதலில் அம்மா, பிறகு மனைவி, நடுவில் பதினேழை எட்டால் பெருக்கிச் சொன்ன மகள். எழும் வேலையை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள், எழுவதன் மகிமையை நான் பார்த்துக்கொண்டேன்.

மனைவி அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தண்ணி நாளுக்கு முந்தின ராத்திரி நான் படுக்கப் போனபோது, ஓஸ் பைப் அழகாகச் சுருட்டி என் தலைமாட்டில் வைக்கப்பட்டிருந்தது. மேலே சைக்கிள் டியூப் துண்டு. அன்றிலிருந்து தண்ணி நாள் என் நாள். மற்ற நாட்களில் ஆறரை. தவறவிட்ட நாட்களும் இருக்கின்றன. அன்றைக்குக் கேன் தண்ணி வாங்க வேண்டும், அந்தக் காசு பருத்திப்பால் கணக்கிலிருந்து போகும். சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். வாக்கிங் வேலை செய்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

போன மாதம் அம்மா மேலூரில் தம்பி வீட்டிலிருந்து வந்திருந்தார். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள் என்றதும், "நாலரைக்கு எழுப்பி விடணும்ப்பா. விடியக்காலம் படிச்சாத்தான் மண்டையில நிக்கும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னிடம் சரக்கு இருந்தது. பதின்வயதில் உடம்புக் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகும், ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் சீக்கிரம் விழிப்பும் வராது, அதனால்தான் உயர்நிலைப் பள்ளிகளை எட்டரைக்கு முன்னால் தொடங்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2014இல் சொன்னது என்று விளக்கினேன். அம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப உனக்கும் அந்த வயசுல அப்படித்தான் இருந்துச்சாக்கும்?"

"ஆமாம்மா. என் மேல தப்பே இல்ல. வயசு அப்படி."

"சரி. நாலு மணிக்கு எந்திரிச்சு உனக்கு வரக்காப்பி போட்டேனே, எனக்கு அப்ப என்ன வயசு?"

அதற்கான ஆய்வு என் கையில் இல்லை. பரீட்சை முடியும்வரை பேத்திக்கு வரக்காப்பி போடுவது அப்பாவின் பொறுப்பு என்று அப்போதே தீர்ப்பாகிவிட்டது. நாலரை என்று அம்மா சொன்னதை ஒரு மணி நேரம் பேசி ஐந்தரையாக்கினேன். மகள் அந்த ஒரு மணி நேரத்துக்காக எனக்கு நன்றி சொன்னாள். எனக்காகத்தான் பேசினேன் என்பதை நான் சொல்லவில்லை.